கடல் பார்த்த அம்மன்

செருப்பைக் கழட்டாதீங்க தங்கச்சி. மணல் சுடும். இது கோவில் இல்லை. வாசல்ல போர்டு பார்த்திருப்பீங்களே, கடற்கரைப் பூங்கா, சிலைப் பாதைன்னு. பாதை முழுக்கச் செருப்போட நடந்து வர்றவங்க, இந்தக் கடைசி வளைவு வந்ததும் கழட்டிடறாங்க. முன்னால போறவங்க கழட்டினா பின்னால வர்றவங்களும் கழட்டறாங்க. ஏன் எதுக்குன்னு ஒருத்தரும் கேக்கறதில்லை.

இப்படி நிழல்ல வந்து உக்காருங்க. வரிசை இப்போதைக்கு நகராது. மதியம் பூசாரி திரை போட்டுடுவான். உங்க வீட்டுக்காரரும் பிள்ளையும்தானே அந்த இரும்பு நண்டுகிட்ட நிக்கறது? பிள்ளையை அது மேல ஏத்த வேணாம்னு சொல்லுங்க. பழைய நங்கூரச் சங்கிலி, படகு எஞ்சின் இரும்பு, எல்லாத்தையும் சேத்து ஒட்டவச்சது. உப்புக்காத்துல துருப்பிடிச்சுக் கிடக்கு. ஒரு பிள்ளைக்குத் தொடையில கிழிச்சு ஊசி போட வேண்டியதாப் போச்சு. அந்தப் பெரிய சங்குக்குள்ளயும் விடாதீங்க. உள்ள போய் நின்னா அலைச் சத்தம் கேக்கும்னு எழுதி வச்சிருக்காங்க. கேக்கும். பாம்பும் இருக்கும். நான் பார்த்ததில்லை. ஆனா இருக்கும்.

காலையில தரங்கம்பாடி பார்த்துட்டு வர்றீங்களா? கடற்கரை கடற்கரையாப் பார்த்துட்டே போறீங்க. நல்லது. போக முடியறப்பவே போயிடணும். என்னை எங்க வீட்டுக்காரர் எங்கயும் கூட்டிட்டுப் போனதில்லை. ஐஸ் கம்பெனியில மெஷின் பார்க்கறார், லீவே கிடையாது. அவர் கூப்பிட்டாலும் நான் போயிருக்க மாட்டேன்னு வைங்க. பஸ்ஸுல போனா எனக்கு வயித்தைப் பொரட்டும்.

அந்தக் கூட்டம் நிக்குதே, அதைப் பார்க்கத்தானே வந்தீங்க? எல்லாரும் அதுக்குத்தான் வர்றாங்க. நண்டையும் சங்கையும் யாரு பார்க்கறா. கடல் பார்த்த அம்மன். வெள்ளி முகம், பெரிய கண்ணு, செகப்புக் கல்லு மூக்குத்தி. கையில எலுமிச்சம்பழத்தை வச்சிருக்கீங்க, ஏதோ வேண்டுதல் இருக்கும், அதை நான் கேக்கலை. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். தெரியாம நீங்க போய்க் கும்பிட்டா அது எனக்கு மனசு உறுத்தும். அது அம்மன் இல்லைங்க. என் பொண்ணு.

பயப்படாதீங்க. செத்துப் போய்த் தெய்வமாயிட்டாங்கிற மாதிரிக் கதையெல்லாம் இல்லை. உயிரோட நல்லாத்தான் இருக்கா, பாண்டிச்சேரியில. சுகந்தின்னு பேரு. அவ முகத்தைப் பார்த்துச் செஞ்ச சிலை அது. சிமெண்டுச் சிலை.

இந்த எடம் முன்னால கருவாடு காயப்போடற திடல். திடீர்னு ஒரு நாள் வேலி போட்டாங்க, செடி வச்சாங்க. அப்புறம் சிலை செய்யற பிள்ளைங்க ஒரு கூட்டமா வந்து கொட்டகை போட்டுத் தங்கினாங்க. ஆளுக்கு ஒரு சிலை செய்யணும்னு அவங்களுக்கு ஏற்பாடு. அவங்களுக்குச் சோறாக்கிப் போட ஆள் வேணும்னு கேட்டாங்க. நான் ஒத்துக்கிட்டேன். ஆக்கறது நான், கொண்டுபோய்க் குடுக்கறது சுகந்தி. வீட்டுக்கும் இந்தத் திடலுக்கும் கூப்பிடு தூரம்தான், அந்தத் தைரியத்துல அனுப்பினேன். இல்லைன்னா அனுப்பியிருக்க மாட்டேன்.

அவளை நான் பொத்திப் பொத்தி வளர்த்தேன் தங்கச்சி. ஒத்தப் பொண்ணு. நான் எட்டாவதோட நின்னவ. அவளைப் பன்னெண்டு வரைக்கும் படிக்க வச்சேன். அதுக்கு மேல நர்சிங் படிக்கறேன்னா. தஞ்சாவூர்ல ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கணுமாம். ஹாஸ்டல் சோத்துல என்னத்தைப் போடறானோ, கூடத் தங்கறவ எப்படிப்பட்டவளோ. விடலை. சைக்கிள் கத்துக்கறேன்னா. இந்த ரோட்டுல மீன் லாரி எப்படிப் போகும்னு பார்த்திருப்பீங்க. விடலை. கடலுக்கு இத்தனை பக்கத்துல வீடு, அவளை ஒரு தடவை கால் நனைக்க விட்டதில்லை நான். இந்த ஊர்ல வேற எந்தப் பொம்பளையாவது பிள்ளையை அப்படிக் காபந்து பண்ணியிருப்பாளா, கேட்டுப் பாருங்க.

சிலை செய்ய வந்ததுல ஜெசிந்தான்னு ஒரு பொண்ணு. நாகர்கோவில் பக்கம். பேண்ட்டு சட்டை, தலைமுடியை ஒட்ட வெட்டி, கை முழுக்கச் சிமெண்டு. குறை சொல்லக்கூடாது, நல்ல பிள்ளைதான். என் நெத்திலிக் குழம்பை மறுசோறு வாங்கிச் சாப்பிடும். ஆனா அதுதான் என் வீட்டைக் கெடுத்தது. சுகந்தி சோத்தைக் குடுத்துட்டு வர வர நேரமாக்க ஆரம்பிச்சா. கேட்டா, சாப்பிட்டு முடிக்கட்டும்னு நின்னேன், பாத்திரம் கழுவிட்டு வந்தேன்னு சொல்லுவா. நானும் நம்பினேன். அங்க கொட்டகையில இவ உக்கார, அந்தப் பொண்ணு பார்த்துப் பார்த்துச் சிலை செஞ்சிருக்கு.

பூங்காவைத் திறந்த அன்னிக்குத்தான் எனக்கே தெரியும். ஊரே வந்திருந்தது. பெரிய அதிகாரியெல்லாம் வந்து, ஒவ்வொரு சிலையா நின்னு பார்த்துட்டே வர்றாங்க. நானும் சேலை மாத்திக்கிட்டு வந்தேன். கடைசிச் சிலைகிட்ட வந்து பார்க்கறேன், சுகந்தி உக்காந்திருக்கா. முட்டியைக் கட்டிக்கிட்டு, தலைமயிர் அவுந்து முதுகுல கிடக்க, நெத்தியில பொட்டுகூட இல்லாம, கடலைப் பார்த்துக்கிட்டு. கேக்கறதுக்கு நாதியில்லாதவ உக்காந்திருப்பாளே, அப்படி. மூக்கு அதே மூக்கு. மோவாயில ஒரு தழும்பு இருக்கும் அவளுக்கு, அதைக்கூட விடலை அந்தப் பொண்ணு, பிறை மாதிரிக் கீறி வச்சிருந்தது. அந்தத் தழும்பு அவ சின்னதுல பட்டது. நான் ஏதோ வேகத்துல கரண்டியை வீசினேன். அவ மேல இல்லை, சும்மா வீசினேன். கரண்டி வர்றது தெரியுதில்ல, தலையைக் குனிய வேணாமா? அப்படியே நின்னா. அப்பயிருந்தே அவ அப்படித்தான்.

என்னால தாங்க முடியலை. கல்யாணம் ஆக வேண்டிய பொண்ணை இப்படி வெட்டவெளியில உக்கார வச்சா நாளைக்கு யாரு கேட்டு வருவாங்க? அத்தனை பேர் முன்னாடியும் சத்தம் போட்டேன். முகத்தை இடிச்சு எடுங்க, இல்லைன்னா நானே இடிப்பேன்னு உலக்கை எடுக்கப் போனேன். எங்க வீட்டுக்காரர்தான் புடிச்சு இழுத்துட்டு வந்தார். அந்த ஜெசிந்தா வந்து, அம்மா, சிமெண்டு இறுகிப் போச்சு, இனிமே முகத்தை மட்டும் மாத்த முடியாதுன்னு அழுதுச்சு. சுகந்தி அழலை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினப்புறம் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினா.

"அந்தச் சிலை மாதிரி ஒரு நாள் உக்காந்தாப் போதும்மா எனக்கு. யாரும் கூப்பிடாம."

என்ன பேச்சு பாருங்க. நான் என்ன அவளைக் கூப்பிட்டுக்கிட்டேவா இருந்தேன்? வேலையிருந்தா கூப்பிடுவேன். வேலையில்லைன்னா என்ன பண்றான்னு கூப்பிட்டுப் பார்ப்பேன். கண்ணு முன்னால காணோம்னா எங்கன்னு கூப்பிடுவேன். அவ்வளவுதான்.

அதுக்கப்புறம் அவ வீட்டுல தங்கலை. ஜெசிந்தா பாண்டிச்சேரியில பட்டறை வச்சிருக்கு, அங்க வேலை கத்துக்கறேன்னு கிளம்பிட்டா. எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போனா, பொய் சொல்லக்கூடாது. நான் வேணாம்னேன். வேணாம்னா இருக்கணுமில்ல? பால் வாங்கிட்டு வர்றேன்னு எங்க வீட்டுக்காரர் சைக்கிளை எடுத்தார். பால் வரலை. பஸ் ஸ்டாண்டுல ஏத்தி விட்டுட்டு வெறுங்கையோட வந்து நிக்கறார் மனுஷன்.

அங்கயே ஒரு பையனைப் பார்த்துக் கல்யாணமும் முடிவாச்சு. ஞானவேலுன்னு பேரு. இரும்பு ஒட்டற வேலை. குணமான பையன்னு இவர் சொல்றார். கல்யாணத்துக்கு நான் போகலை. எப்படிப் போறது? போன்ல கூப்பிட்டா. பெத்தவளைப் போன்லயா கூப்பிடுவாங்க? தாம்பாளத்துல வெத்தலை பாக்கு வச்சு, நேர்ல வந்து, அம்மா வான்னு கூப்பிட வேணாமா? நீ பெத்தவம்மா, நான் பொண்ணு, பெத்தவளுக்கே பத்திரிகை வைப்பாங்களான்னு அவ கேக்கறா. பத்திரிகை வேணாம், வெத்தலைன்னேன். வச்சுட்டா போனை. இவர் மட்டும் வேட்டியை மடிச்சுப் பையில வச்சுக்கிட்டுப் போய்ட்டு வந்தார். என்ன சாப்பாடுன்னு கேட்டேன். நல்லாயிருந்துச்சுன்னார். அதுக்கு மேல கேக்க எனக்கு மனசு வரலை.

பூங்கா திறந்த அன்னிக்கு அப்புறம், அந்தக் கல்யாணத்தன்னிக்குத்தான் நான் முதமுதலா இந்தச் சிலைகிட்ட வந்தேன். திட்டத்தான் வந்தேன். வீட்டுல யாருமில்லை, வாய் நமநமங்குது. வந்து இதே எடத்துல நின்னு, ஏண்டி, உனக்கு நான் என்ன குறை வச்சேன்னு ஆரம்பிச்சேன். ஒரு மூச்சு திட்டினேன். அவ பேசாம கேட்டுக்கிட்டிருந்தா. எதிர்த்து ஒரு வார்த்தை இல்லை. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. கல்யாண நாளும் அதுவுமா நெத்தியில பொட்டில்லாம உக்காந்திருக்காளேன்னு, என் நெத்தியில இருந்த பொட்டை எடுத்து அவளுக்கு ஒட்டினேன். அதுதான் ஆரம்பம்.

அப்புறம் வராம இருக்க முடியலை. உப்புக்காத்துல சிமெண்டு வெடிக்கும்னு இவர் சொன்னார். அதுலேர்ந்து சனிக்கிழமையானா நல்லெண்ணெய் கொண்டாந்து தலையில தேய்ச்சு விடுவேன். தேய்க்கத் தேய்க்க நல்லா உள்ள இழுத்துக்கும். வெள்ளிக்கிழமை ரெண்டு முழம் பூ. மார்கழிப் பனிக்கு என் பழைய மஞ்சச் சேலையைச் சுத்தி விட்டேன், தோளெல்லாம் தெரியற மாதிரி செஞ்சிருந்தது அந்தப் பொண்ணு. காவக்காரர் வந்து, சிலையைத் தொடக்கூடாதுக்கா, போர்டு போட்டிருக்குன்னார். எம்பொண்ணை நான் தொடறேன், உன் போர்டை நீ தொட்டுக்கோன்னேன். அப்புறம் அவர் இந்தப் பக்கமே வரலை.

பக்கத்துல உக்காந்து பேசிக்கிட்டிருப்பேன். இன்னிக்கு என்ன குழம்பு, இவருக்கு முட்டி வலி, எதிர்வீட்டுக்காரி குப்பையை எங்கே கொட்டினா, எல்லாம். சமயத்துல அந்தத் தழும்பைத் தடவிக் குடுப்பேன். நீங்க நம்ப மாட்டீங்க, எனக்கும் அவளுக்கும் ஒரு நாள்கூடச் சண்டை வந்ததில்லை.

போன்ல பேச வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. அவ அவங்கப்பா போனுக்குத்தான் போடுவா. இவர், இந்தா பேசுன்னு நீட்டுவார். வாங்கினா, சாப்பிட்டியாம்மான்னு கேப்பா. நான், சாப்பிடாம என்ன, நீதான் எனக்கு ஆக்கிப் போடறியான்னு கேப்பேன். வாயில அதுதான் வருது. அப்புறம் அவ ஒண்ணு சொல்லி, நான் ஒண்ணு சொல்லி, இவர் போனைப் புடுங்கிக்கிட்டு வாசலுக்குப் போயிடுவார். இங்க வந்து உக்காந்தா மனசு ஆறிடும்.

அப்புறம் அவ முழுகாம இருக்கான்னு சேதி வந்துச்சு. ஏழாம் மாசம் வளைகாப்பு போடணும். அது தாய் வீட்டுச் சீர் தங்கச்சி, தாய் கையால முதல் வளையல் ஏறணும். வெறுங்கையா விடக்கூடாது. அம்மா வருவாளாப்பான்னு அவ இவர்கிட்ட கேட்டிருக்கா. இவர் எங்கிட்ட சொன்னார். அவ எங்கிட்ட கேக்கலை. ஒரு வார்த்தை, அம்மா நீ வந்து போட்டு விடுன்னு என் காதுல விழற மாதிரிச் சொல்லியிருந்தா, வயித்தைப் பொரட்டினாலும் பொரட்டட்டும்னு பஸ் ஏறியிருப்பேன். கூப்பிடாத எடத்துக்கு எப்படிப் போறது?

ஆனா சீரை விட முடியுமா? நல்ல நாள் பார்த்தேன். புளிசாதம், தேங்கா சாதம், எலுமிச்சை சாதம், தயிர்சாதம், சக்கரைப் பொங்கல், எல்லாம் ஒருத்தியா நின்னு கிண்டினேன். பச்சை வளையல், செகப்பு வளையல் ரெண்டு கைக்கும் வாங்கினேன். எல்லாத்தையும் தலையில வச்சுக்கிட்டு இங்க வந்துட்டேன். சிலைக்குக் கை ரெண்டும் முட்டியோட சேந்திருக்கு, வளையல் ஏறாது. மஞ்சக் கயித்துல வளையலைக் கோத்துக் கோத்து மணிக்கட்டுல கட்டினேன். கன்னத்துல சந்தனம் பூசினேன். மடியில வேப்பிலை வச்சேன். ஆரத்தி எடுத்தேன். பாட்டுப் பாட ஆளில்லை, நானே ரெண்டு வரி பாடினேன். எங்க வீட்டுக்காரர் அன்னிக்குப் பாண்டிச்சேரியில. அங்க அவளுக்கு ஜெசிந்தா போட்டு விட்டுச்சாம் முதல் வளையல். அவளுக்குத் தாயில்லாத குறையை நான் வைக்கலை. இங்க நான் போட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்.

சோறு அத்தனையும் மிஞ்சிப் போச்சு. அந்த நேரம் ஒரு பஸ் நிறைய சுத்திப் பார்க்கற சனங்க வந்து இறங்குச்சு. இலையைக் கிழிச்சு எல்லாருக்கும் குடுத்தேன். அவங்க கண்ணுல ஒத்திக்கிட்டு வாங்கினாங்க. எனக்கு அப்ப உறைக்கலை. மஞ்சச் சேலை, வேப்பிலை, எண்ணெய் ஊறிக் கறுப்பாப் பளபளன்னு முகம், சந்தனம் குங்குமம், கை நிறைய வளையல். அவங்க என்னன்னு நினைப்பாங்க? அதுல சீர்காழிப் பக்கத்துப் பொண்ணு ஒண்ணு, கல்யாணமாகி ரொம்ப வருஷமாப் பிள்ளையில்லை. எனக்கு ஒரு வளையல் குடுங்கக்கான்னு கையை நீட்டுச்சு. வளைகாப்புல பிள்ளையில்லாதவங்களுக்கு வளையல் போட்டு விடறது நம்ம வழக்கம்தானே. போட்டு விட்டேன். மறு வருஷம் அந்தப் பொண்ணு குழந்தையோட வந்து நிக்குது, கூட ஒரு வேன் ஆளுங்க.

அவ்வளவுதான். கேக்கணுமா அப்புறம். வளையல் கட்டறாங்க, தொட்டில் கட்டறாங்க, சூலம் நட்டாங்க. கடல் பார்த்த அம்மன்னு பேரும் வச்சாச்சு. யாரு வச்சாங்கன்னே தெரியலை. ஆபீசுல இருந்து சூலத்தைப் பிடுங்க ஆள் வந்துச்சு, வந்தவர் செருப்பைக் கழட்டிட்டுக் கன்னத்துல போட்டுக்கிட்டுப் போயிட்டார். நான் ஒவ்வொருத்தர்கிட்டயும் சொன்னேன், இது என் பொண்ணு, பாண்டிச்சேரியில இருக்கான்னு. ஒரு அம்மா என் காலைத் தொட்டுக் கும்பிட்டுட்டு, உங்க பொண்ணு ரூபத்துல வந்திருக்காளா ஆத்தா, கொடுத்து வச்சவங்க நீங்கன்னுச்சு. இதுக்கு மேல என்னத்தைச் சொல்றது?

அந்தப் பூசாரி இருக்கானே, கோவிந்தசாமி. அவன் இந்த ஊர்க்காரன் இல்லை. பூங்காவுல சைக்கிள் வாடகைக்கு விட வந்தவன். சைக்கிள் ஓட்ட ஆள் வரலை, அம்மனுக்கு ஆள் வந்துச்சு. காவி வேட்டியைக் கட்டிக்கிட்டான். முதல்ல எனக்குக் கூடமாட ஒத்தாசையாத்தான் இருந்தான், தண்ணி எடுத்து வருவான், பூச் சாத்துவான். அக்கா அக்கான்னு கூப்பிடுவான். நானும் பாவம்னு விட்டேன். அப்புறம் ஒரு நாள் வந்து பார்க்கறேன், சுத்திக் கயிறு கட்டியிருக்கான். நான் எண்ணெய்க் கிண்ணத்தோட கயித்துக்கு அடியில குனிஞ்சு போறேன், கையை நீட்டித் தடுக்கறான்.

"அம்மனைத் தொடக்கூடாதுக்கா. ஆகமம் இருக்கு."

சைக்கிளுக்குக் காத்தடிச்சவன் ஆகமம் பேசறான். நான் பேசின பேச்சுல அவன் வேட்டி அவுந்திருக்கணும். ஆனா வரிசையில நிக்கற பொம்பளைங்களே என்னைப் புடிச்சு, ஏம்மா, அம்மன்கிட்ட நின்னு இப்படியெல்லாம் பேசலாமான்னு தள்ளிக்கிட்டு வந்துட்டாங்க. கயித்துக்கு இந்தப் பக்கம் நின்னா அவ முகம் பாதிதான் தெரியும். மஞ்சளும் எண்ணெயும் அப்பி அப்பி மூக்கு ஒண்ணுதான் மேடாத் தெரிஞ்சது. தழும்பு எங்க இருந்துச்சுன்னே கண்டுபிடிக்க முடியலை. எல்லாரும் வந்து அவளைக் கெடுத்துட்டாங்க தங்கச்சி. நான் ஒரு பொட்டு வச்சேன், அவ்வளவுதான். சும்மா இருந்த பிள்ளையை இந்த சனங்க இப்படி ஆக்கிட்டாங்க.

போன ஆடி வெள்ளிக்கு வெள்ளிக் கவசம் சாத்தறதுன்னு முடிவு பண்ணினாங்க. அந்தச் சீர்காழி வேன்காரங்கதான் செய்யக் குடுத்தது. நான் கோவிந்தசாமிகிட்ட கெஞ்சிக்கூடப் பார்த்தேன். மூடறதுக்கு முன்னால ஒரு தடவை, வெந்நீர் ஊத்தி முகத்தைக் கழுவி விடறேன், ஒரு தடவை பார்த்துக்கறேன்னேன். கவசம் சாத்தினா இன்னும் அழகா இருப்பாக்கா, நீ ஏன் கவலைப்படறேன்னுட்டான். அவன் வாங்கி வச்சிருந்த அந்த முகத்தைப் பார்த்தேன். எல்லாக் கோவில்லயும் இருக்கற முகம். யாரோட முகமும் இல்லை.

அன்னிக்குப் பொழுது விடியறதுக்குள்ள வந்து கயித்தோரமா இடம் புடிச்சுட்டேன். அவன் பாலாபிஷேகம் பண்றான். பால் வழியறப்போ மஞ்சள் கரைஞ்சு, ஒரு கண்ணு தெரிஞ்சுது, கன்னம் தெரிஞ்சுது. இன்னும் ஒரு சொம்பு ஊத்தினா மோவாய் தெரிஞ்சிடும். நான் மூச்சு விடாம பார்த்துக்கிட்டிருக்கேன். பின்னால கூட்டம் நெருக்குது. யாரோ என் தோள்ல கை வச்சு அம்மான்னு கூப்பிட்டாங்க. இங்க எல்லாரும் எல்லாரையும் அம்மான்னுதானே கூப்பிடறாங்க. இரும்மா, மறைக்காத, தள்ளாதன்னு திரும்பாமலே கையைத் தட்டி விட்டேன். மறுபடியும் அம்மான்னு குரல். இரு, இதோ மூடப் போறான், பார்த்துக்கறேன்னு சொன்னேன். அவன் கடைசிச் சொம்பு ஊத்தலை. ஈரத் துணியால ஒரு துடை துடைச்சான், கவசத்தை எடுத்து மாட்டிட்டான். தப்பு அடிச்சாங்க, சூடம் காட்டினாங்க, எல்லாரும் கையைத் தூக்கிக் கும்பிட்டாங்க. நான் கும்பிடலை.

அப்புறம் திரும்பிப் பார்த்தா சுகந்தி நிக்கறா.

இடுப்புல குழந்தை. அவங்கப்பா பின்னால நிக்கறார், மண்ணைப் பார்த்துக்கிட்டு. எனக்கு அவளை அடையாளமே தெரியலை, சத்தியமாச் சொல்றேன். முடியைத் தோளோட வெட்டியிருக்கா. கண்ணாடி போட்டிருக்கா. கன்னம் உப்பி, கழுத்துல சதை விழுந்து, தழும்பு இருந்த எடமே தெரியலை. நான் தினமும் பார்த்துக்கிட்டிருந்த முகம் இது இல்லை. அந்த முகம் இப்பத்தான் உள்ள போச்சு.

ஏண்டி முடியை வெட்டினேன்னு கேட்டேன். கண்ணு எப்படிக் கெட்டுச்சுன்னு கேட்டேன். ஆடிக் காத்துல கைக்குழந்தையைத் தூக்கிட்டு வரலாமா, கன்னத்துல ஒரு திருஷ்டிப் பொட்டு வைக்க மாட்டியான்னு கேட்டேன். குழந்தையைத் தூக்கலாம்னு கையை நீட்டினேன், அது என்னைப் பார்த்து வீல்னு கத்துச்சு. எண்ணெய் வாடைக்குக் கத்தியிருக்கும். பொண் குழந்தை. மூக்கு அதே மூக்கு.

அவ சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தா முதல்ல. அப்புறம் சொன்னா.

"உன்னைக் கூட்டிட்டுப் போகத்தாம்மா வந்தேன். கொஞ்ச நாள் எங்கூட வந்து இரு. பாப்பாவுக்கு உன் முகம் பழகட்டும்."

பையில இருந்து வெத்தலை பாக்கை எடுத்தா தங்கச்சி. வாழை இலையில மடிச்சுக் கொண்டாந்திருக்கா. நேர்ல வந்து, வெத்தலை வச்சு, அம்மா வான்னு கூப்பிடறா. நான் கேட்டது அதைத்தான். எத்தனை நாளாக் கேட்டேன். கையை நீட்டி வாங்கியும் வச்சுக்கிட்டேன். ஆனா அந்த நேரம் பார்த்துக் கோவிந்தசாமி சிலை கையில இருந்த என் வளையலையெல்லாம் அறுத்துக் குப்பைக் கூடையில போடறான், புது வளையல் கட்டறதுக்கு. பச்சை வளையல், நான் வாங்கினது.

"நான் வந்துட்டா இவளை யாரு பார்த்துக்குவா?"ன்னேன்.

வாயில அதுதான் வந்துச்சு. உண்மையும் அதுதானே? கயித்துக்கு இந்தப் பக்கம் நின்னாவது நான் ஒருத்தி பார்த்துக்கிட்டிருக்கேன். நானும் போயிட்டா கேக்க ஆள் யாரு?

சுகந்தி சிலையைப் பார்த்தா. ரொம்ப நேரம் பார்த்தா. அவ அதைப் பார்க்கறது அதுதான் முதல் தடவை, அவ போனப்புறம். பார்த்துட்டு எங்கிட்ட, "இவளை நல்லாத்தாம்மா பார்த்துக்கறே"ன்னா. நல்ல வார்த்தைதானே சொன்னா? கோவமா எதுவும் சொல்லலை. குரல்கூட உசரலை.

அப்புறம் அவபாட்டுக்கு வரிசையில போய் நின்னுட்டா. நானும் கயித்தைப் புடிச்சுக்கிட்டே அவ கூட நகர்ந்து வந்தேன். கோவிந்தசாமி தட்டை நீட்டினான். அவ முகத்துக்கு நேர் எதிர்ல அந்த வெள்ளி முகம். அவன் இவளைப் பார்க்கறான், அம்மனைப் பார்க்கறான், மறுபடியும் இவளைப் பார்க்கறான். ஒண்ணும் தெரியலை அவனுக்கு. குங்குமத்தைக் குடுத்துட்டு, புது ஆளுங்ககிட்டக் கேக்கற மாதிரி, எந்த ஊரும்மான்னு கேட்டான்.

"வெளியூருங்க"ன்னா.

நான் பக்கத்துலயேதான் நின்னேன் தங்கச்சி. கை எட்டற தூரம். இதோ நிக்கறாங்களே, இவங்க மக நான், இந்த ஊர்தான் என் ஊருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தா அத்தனை பேர் முன்னாடியும் அவளைக் கட்டிப் புடிச்சிருப்பேன். அவ சொல்லட்டும் சொல்லட்டும்னு நான் அவ வாயையே பார்த்துக்கிட்டிருக்கேன். அவ குழந்தை நெத்தியில குங்குமத்தை வச்சா. தனக்கு வச்சுக்கலை. திரும்பி நடக்க ஆரம்பிச்சுட்டா. பின்னாலேயே இவர் பையைத் தூக்கிட்டு ஓடறார்.

இந்தப் பாதையிலதான் போனா. சங்கைத் தாண்டி, நண்டைத் தாண்டி. நல்ல உச்சி வெயில். குழந்தை தலையில ஒரு துண்டுகூடப் போடலை. துண்டு போடுடி, துண்டு போடுடின்னு நான் கத்தினேன். ஆடிக் காத்து, கேட்டிருக்காது.